விழுகிறவருக்குப் பக்கத்து சீட்

அந்தப் பேயின் கண்களை விற்றவள் நான்தான். பொய் சொல்லவில்லை. நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு ஒரு நாள் நாடகக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கருவிழியே தெரியாமல் முழுக்க வெள்ளையாக இருக்கிற லென்ஸ் ஒரு ஜோடி வேண்டும் என்றார்கள். அப்படி ஒன்றை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அங்கே இங்கே சொல்லி வரவழைத்துக் கொடுத்தேன். பேயாக நடிக்கிற பெண்ணை ஸ்டூலில் உட்கார வைத்து, எப்படிப் போடுவது, எப்படிக் கழற்றுவது, எதில் ஊற வைப்பது எல்லாம் நானே சொல்லிக் கொடுத்தேன். என் விரல் கண்ணுக்குப் பக்கத்தில் போனாலே அவள் நடுங்கினாள். "பேயே இப்படி பயந்தா நாங்க எல்லாம் எங்கம்மா போறது" என்று கேட்டேன். சிரித்தாள். போகும்போது இரண்டு டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனாள்.

எனக்கு நாடகம் பார்க்கிற ஆசையெல்லாம் கிடையாது. வீட்டில் நடக்கிறதே போதும் என்று இருக்கிறவள். கடையில் கண் பரிசோதிக்கிற பெண்தான் விடவில்லை. அவளை நாங்கள் பவர் என்று கூப்பிடுவோம். எதிரே யார் வந்தாலும் இவங்களுக்கு இவ்வளவு பவர் இருக்கும் என்று பார்த்ததும் சொல்லுவாள், பாதி தப்பாக இருக்கும். "ஓசியில வர்ற பேயை யாராவது வேண்டாம்னு சொல்லுவாங்களாக்கா" என்று இரண்டு நாளாக நச்சரித்தாள். சரி, தொலைகிறது என்று ஒத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கடையில் சரக்கு சரி பார்க்கிற வேலை இருக்கிறது, வர நேரமாகும் என்று மட்டும் சொன்னேன். சொன்னால் நானும் வருகிறேன் என்பார், அவருக்கு அதெல்லாம் ஆகாது. அவர் பஸ் டிரைவர். ஆயுசெல்லாம் ஒரே வழித்தடத்தில் ஓட்டியவர். ஒரு நாள் வளைவில் திரும்பும்போது நெஞ்சைப் பிடித்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி, கை பிரேக் போட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தாராம். யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இதயம் தேஞ்சு போச்சும்மா. அறுத்துச் சரி பண்றதுக்கும் அதுல தெம்பு இல்ல. மாத்திரை குடுங்க. அதிர்ச்சி ஆகாம பாத்துக்கங்க." எவ்வளவு நாள் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார்.

அதற்குப் பிறகு வண்டி ஓட்ட விடுவார்களா? சில மாதம் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் முகம் தெளிந்து வந்தார். டிப்போவில் ஸ்பேர் பார்ட்ஸ் அறையில் உட்கார்ந்த இடத்தில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள், மதியம் போய் சாயந்திரம் வந்துவிடலாம் என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. நான் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு வீடும் பஸ்தான். என்னைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார். ஒரு பெல் அடித்தால் நிறுத்து, இரண்டு பெல் அடித்தால் போகலாம். அவர் உலகத்தில் அவ்வளவுதான் சட்டம். சாப்பிடும்போது போதும் என்றால் தட்டில் விரலால் ஒரு தட்டு. இன்னும் போடு என்றால் இரண்டு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் ஆரம்பித்து நிறுத்தாமல் பேசினால் சுவரில் ஒரு தட்டு தட்டுவார். அதற்கும் சேர்த்துத் திட்டுவேன்.

நாடகத்துக்குப் போன மதியத்தை மறக்க மாட்டேன். அரங்கத்து வாசலில் பெரிய பலகை, அதில் சிவப்பு எழுத்து: இதயம் பலவீனமானவர்களுக்கு அனுமதி இல்லை. பலகைக்குப் பக்கத்தில் வெள்ளை அடித்து மேலே சிவப்பு விளக்கு வைத்த ஆம்புலன்ஸ் ஒன்று. கதவருகே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் உள்ளே போகிற எல்லோரிடமும், "நெஞ்சு கிஞ்சு நல்லா இருக்கா" என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேட்டார். பவர் கெக்கெக்கே என்று சிரித்தாள். ஜனங்கள் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

நாடகத்தில் ஒரு வீடு, அந்த வீட்டில் திறக்கக் கூடாத ஒரு அலமாரி. பாதி வரைக்கும் நான் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் இருந்தேன். பவர் என் கையைப் பிறாண்டி வைத்திருந்தாள். பேயை நான்தான் ஸ்டூலில் உட்கார வைத்தேனே, எனக்கென்ன பயம்? அப்படி அசட்டையாக முன் வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பிடரி கண்ணில் பட்டது.

வலது காதுக்குப் பின்னால், முடி வெட்டுகிறவர் எப்போதும் விட்டுவிடுகிற ஒரு கொத்து முடி. நீலச் சட்டை. காலர் நைந்து போனதால் நான்தான் அதைப் பிரித்துத் திருப்பித் தைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு சின்ன வயசுப் பெண், அவர் தோளில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேடையில் அலமாரி தானாகத் திறந்தது. சுற்றிலும் எல்லோரும் அலறினார்கள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. ஓகோ, இதுதான் அந்த ஸ்பேர் பார்ட்டா என்று நினைத்தேன். இந்த வயதில், இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு. வீட்டுக்கு வரட்டும், எப்படிக் கேட்பது, எங்கே ஆரம்பிப்பது என்று மனதுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். விளக்கெல்லாம் அணைந்தது. ஈரமாக ஏதோ கழுத்தில் உரசிப் போனது, தட்டிவிட்டேன். ஒரே ஒரு விளக்கு எரிந்தது. நான் விற்ற வெள்ளைக் கண்களோடு பேய் ஜனங்களுக்கு நடுவே நடைபாதையில் நின்றது. நாலாவது வரிசையில் அவர் எழுந்தார், நெஞ்சைப் பிடித்தார், முன்னால் மடங்கி விழுந்தார்.

எத்தனை பேர் முழங்காலை மிதித்துக்கொண்டு ஓடினேன் என்று தெரியாது. நான் போட்ட சத்தம் என் தொண்டையிலிருந்து வந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. அந்தச் சின்னப் பெண் "என்னங்க, என்னங்க" என்று அவர் மேல் விழுந்து அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். அவர் கையைப் பிடித்தேன். டாக்டர் மூடிய பேனாதான் கண் முன்னால் நின்றது. எல்லாம் முடிந்தது என்று அடி வயிற்றிலிருந்து அழுதேன்.

அப்போது அவர் கை என் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தது. இரண்டு முறை அமுக்கியது.

இரண்டு பெல். போகலாம், ஒன்றும் இல்லை. ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், திருட்டு முழி. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் ஓடி வந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே அறைந்திருப்பேன். ஆனால் கை எழவில்லை, அழுகைதான் இன்னும் பெரிதாக வந்தது. ஸ்ட்ரெச்சர் பின்னால் அழுதுகொண்டே போனேன். பின் வரிசைக்காரர் ஒருவர் நிஜமாகவே எழுந்து வெளியே ஓடினார்.

மேடைக்குப் பின்னால் ஒரு நீளப் பெஞ்சு. அதில் அவரை இறக்கி வைத்தார்கள். எழுந்து உட்கார்ந்து சட்டையை உதறிவிட்டுக்கொண்டார். ஒரு ஆள் டீ கொண்டுவந்து நீட்டினான்.

"எத்தனை மாசமா என் காதுல பூ சுத்துறீங்க?"

"நீ சரக்கு சரி பாக்கப் போறேன்னுதானே சொன்ன?"

"பேச்சை மாத்தாதீங்க. ஸ்பேர் பார்ட்ஸ் அறையா இது? யாரு அவ?"

"அவ பாவம், என் பொண்டாட்டியா நடிக்கிறா. சம்பளத்துக்கு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். வாசலில் இருக்கிற பலகையைப் படிக்கத் தெரியாதா, ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் நெஞ்சு நன்றாக இருக்கிறதா என்று கேட்டு உள்ளே விடுகிறார்கள், ஒரே ஒரு பலவீனமான இதயத்துக்கு மட்டும் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் பெஞ்சுப் பலகையில் ஒரு தட்டு தட்டினார். நான் நிறுத்தவில்லை.

அப்போதுதான் டைரக்டர் வந்தார். ஒல்லியாக, தூக்கமில்லாத கண்ணோடு ஒரு தம்பி. திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். என் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, நீங்க போட்ட அந்தச் சத்தம் இருக்கே. இந்தப் பொண்ணுகிட்ட அதை வரவைக்க நான் படாத பாடு பட்டேன். அதுல துளி நடிப்பு இல்ல."

"நடிப்பு எப்படி இருக்கும் தம்பி? அது என் புருஷன்."

தினமும் வந்து அதே மாதிரி அழ முடியுமா என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு, இனிமேல் அந்தப் பக்கம் போகக் கூடாது என்றேன். அவர் ஜன்னலோரம் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இங்க பாரு கண்டக்டர். எனக்கு வேற யாரும் வேலை குடுக்க மாட்டாங்க. உலகத்துலயே இது ஒண்ணுதான், டிக்கெட் வாங்கினவன் மாதிரி உக்காந்து விழுறதுக்குச் சம்பளம். எப்படியும் ஒரு நாள் விழப்போறவன். வீட்டுல தனியா உக்காந்து விழுறதுக்கு அங்க விழுறேன். தூக்க ரெண்டு பேராவது இருக்காங்க."

"பயத்துல நெஞ்சு நின்னுட்டா?"

"எப்ப பேய் வரும், எங்க நிக்கும் எல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு என்ன பயம்? இந்தச் சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு."

நான் கடைக்குப் போன பிறகு அவர் தனியாகத்தான் இருப்பார். எனக்கும் அந்தப் பயம்தான். சாவியைப் போட்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் அவரைக் கூப்பிடாமல் செருமிக்கொண்டு நிற்பேன், பதிலுக்கு அவர் செரும வேண்டும் என்று. கடைசியில், "சரி, பக்கத்து சீட்டுல நான்தான் உக்காருவேன்" என்றேன். அவர் நாற்காலிக் கையில் இரண்டு தட்டு தட்டினார்.

அந்தச் சின்னப் பெண் சந்தோஷமாக மேடைக்குப் பின்னால் துணிமணி பார்க்கிற வேலைக்குப் போய்விட்டாள். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். அவர் விழுந்ததும் நான் குனிந்து கையைப் பிடிப்பேன். அவர் என் சுண்டுவிரலை இரண்டு முறை அமுக்க வேண்டும். அமுக்கின பிறகுதான் வாயைத் திறப்பேன், அதற்கு முன்னால் தலை போனாலும் சத்தம் வராது. டைரக்டர் முதலில் முகம் சுளித்தார். இரண்டு காட்சி பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். விழுந்ததற்கும் அலறலுக்கும் நடுவே இருக்கிற அந்த அமைதிதான் ஜனங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறதாம். பிறகு எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றிவிட்டார். என் சத்தம் கேட்டால்தான் பேய் நகரும், என் சத்தம் கேட்டால்தான் விளக்குக்காரர் விளக்கைப் போடுவார், ஸ்ட்ரெச்சர் வரும்.

மதியம் கடையில் ஆள் வராத நேரம் என்பதால் பவர் சமாளித்துக்கொண்டாள். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க அவருக்கு விதவிதமாகக் கண்ணாடிச் சட்டம் எடுத்துப் போவேன். ஸ்ட்ரெச்சர் தூக்குகிற இரண்டு பேருக்கும் பேர் இருக்கும்தான். அவர் அவர்களை முன்பக்கம், பின்பக்கம் என்றுதான் கூப்பிடுவார், பஸ்ஸின் இரண்டு வாசல் மாதிரி. வாசலில் நிற்கிற ஆம்புலன்ஸைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். உள்ளே எஞ்சினே கிடையாது. ஓட்டை வண்டிக்கு வெள்ளை அடித்து நிறுத்தியிருந்தார்கள். "இதுக்கு ஒரு எஞ்சின் வச்சா நானே ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன்" என்பார். வெள்ளைக் கோட்டுக்காரர் கழுத்தில் தொங்குகிற குழாயும் பொம்மைக் கடையில் வாங்கினது.

உண்மையைச் சொன்னால், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிற நேரம் எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணமான புதிதில் அவர் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்த் திரும்பி வருவேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையும் செய்ததில்லை. பேய் லென்ஸைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டே பன் தின்னும். கசக்காதேடி என்று கையைத் தட்டிவிடுவேன். மேடையில் மிச்ச நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் அழுகைக்கும் தேய்மானம் இருக்கிறது. முதலில் எல்லாம் அந்த இரண்டு அமுக்கல் வந்ததும், உயிரோடு இருக்கிறார் என்கிற நிம்மதியிலேயே அழுகை பீறிட்டு வரும். போகப் போக, நிஜமாகவே அவர் போய்விட்டதாக நினைத்தால்தான் வந்தது. தினமும் அவரைக் கொன்று, தினமும் அழுது, தினமும் முகம் கழுவினேன். பிறகு அப்படி நினைத்தாலும் வரவில்லை, தொண்டை மட்டும் தானாகக் கத்தியது. ஒரு நாள் கத்திக்கொண்டே, கடையில் லென்ஸ் திரவம் தீர்ந்துவிட்டதே, சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு டைரக்டர் பிரமாதம் என்றார். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

இன்னொரு நாள் அவர் வேண்டுமென்றே அமுக்காமல் இருந்தார். ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, இரண்டாவதை நிறுத்தி வைத்துக்கொண்டார். குனிந்து அவர் முகத்தையே பார்த்தேன். உதட்டோரம் சிரிப்பு தெரிந்தது, அப்புறம்தான் இரண்டாவதை அமுக்கினார். பெஞ்சுக்கு வந்ததும் நான் கேட்ட கேள்விக்கு முன்பக்கமும் பின்பக்கமும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். இன்னொரு தடவை அப்படி விளையாடினால் பக்கத்து சீட்டில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க நான் நின்றதைப் பார்த்து அவர் காதைப் பிடித்துக்கொண்டார்.

மழை ஆரம்பித்த பிறகு அவர் கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. அரங்கத்துப் படியில் நடுவில் நின்று, சுவரொட்டியைப் படிக்கிற மாதிரி மூச்சு வாங்குவார். எல்லாச் சுவரொட்டியும் அவருக்கு மனப்பாடம். முன்பெல்லாம் ஸ்ட்ரெச்சர் பெஞ்சுக்கு வந்ததும் குதித்து இறங்குவார். இப்போது இறக்கி வைக்கிறவரை படுத்தே இருந்தார். "அண்ணன் விழுறது இப்பதான் ரொம்ப நிஜமா இருக்கு" என்று டைரக்டர் மெச்சினார். ஏன் நிஜமாக இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "எங்கிட்ட சொல்லவே இல்லையேக்கா" என்றார். உடனே ஓய்வு கொடுத்து வேறு ஆளைப் போட்டார். என் வீட்டுக்காரர் ஜன்னலோர நாற்காலிக்குத் திரும்பினார். பஸ்களைத் திட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டில் எடுத்ததும் ஒரு தட்டு, போதும். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு நான் போன பிறகு துப்பினதைக் குப்பைத் தொட்டியில் பார்த்தேன். கேட்டேன். "எதுக்கு" என்று மட்டும் சொன்னார். டாக்டரிடம் போனேன். எங்கே இருந்தாலும் ஒன்றுதான், அவருக்குப் பிடித்தபடி விடுங்கள் என்றார். கைவிட்டுவிட்டதை இவர்கள் இப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள். நானே போய் டைரக்டரிடம் கேட்டு, அவரைத் திரும்பக் கூட்டிப் போனேன்.

கடைசிக் காட்சி ஒரு மதியம். ஏதோ அலுவலகத்திலிருந்து மொத்தமாக டிக்கெட் எடுத்து வந்திருந்தார்கள், ஒரே கும்மாளம். அவருக்குக் காலர் பொத்தான் போட வரவில்லை. நான் போட்டுவிட்டேன்.

"நீலச் சட்டையே போட்டுட்டு வந்துட்டீங்க. போன வாரமும் இதுதான். யாராவது கண்டுபிடிச்சா?"

"இந்தக் காலர்தான் கழுத்தை அறுக்காம இருக்கு. நீ தச்சது."

"பேசாம வாங்க. மூச்சை எதுக்கு வீணாக்குறீங்க."

சீட்டுக் கையில் ஒரு தட்டு தட்டினார். உட்கார்ந்தோம். அலமாரி திறந்தது, விளக்கு அணைந்தது. ஈரத்துணி கழுத்தில் உரசிப் போனது. அந்த இருட்டில் அவர் கை என் கையைத் தேடியது. வழக்கமாக விழுந்த பிறகுதான் தேடும். சுண்டுவிரலைப் பிடித்து அழுத்தமாக ஒரு முறை அமுக்கினார். இன்னும் விழவே இல்லையே, அதற்குள் என்ன அவசரம் இந்த மனுஷனுக்கு என்று நினைத்தேன்.

விளக்கு எரிந்தது. பேய் நின்றது. அவர் எழவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை. தலை மட்டும் என் தோளில் சாய்ந்தது. இப்படிச் செய்தால் டைரக்டர் திட்டுவாரே என்று எரிச்சல் வந்தது. தோளிலிருந்து வழுக்கி முன் சீட்டுக்கும் எங்கள் சீட்டுக்கும் நடுவே மடங்கினார். நான் குனிந்து கையைப் பிடித்தேன். காத்திருந்தேன்.

ஒன்று முன்னாலேயே வந்துவிட்டது, இன்னொன்றுதான் பாக்கி என்று கணக்குப் போட்டேன். பழைய விளையாட்டு. உதட்டோரத்தைப் பார்த்தேன், கண்ணாடிச் சட்டம் கோணலாகக் கிடந்தது. "விளையாடாதீங்க" என்று காதருகில் சொன்னேன். "எல்லாரும் பாக்குறாங்க. அமுக்குங்க."

பேய் நகராமல் நின்றது, அதற்கு என் சத்தம் வேண்டும். விளக்குக்காரர் காத்திருந்தார். அரங்கமே காத்திருந்தது. அமைதி நீண்டுகொண்டே போனது. நான் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. இத்தனை நாளும் ஆயிரம் பேருக்கு முன்னால் அழுது தீர்த்த அழுகையில் ஒரு சொட்டு மிச்சம் இல்லை. அலுவலகக் கூட்டத்தில் யாரோ, "டயலாக்கை மறந்துட்டாங்கடா" என்றான். ஒருவர் சிரித்தார். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும் சிரித்தார்கள்.

முன்பக்கமும் பின்பக்கமும் சத்தம் இல்லாமலேயே ஸ்ட்ரெச்சரோடு வந்துவிட்டார்கள். முன்பக்கம் என் பக்கம் குனிந்தான்.

"அக்கா, அழுங்க."

பின்பக்கம் தூக்கும்போது, "அண்ணே, இன்னைக்கு என்ன இவ்வளவு கனக்குறீங்க" என்றான்.

கைதட்டலும் சிரிப்புமாக எங்களை வழியனுப்பினார்கள். பெஞ்சில் இறக்கி வைத்துவிட்டு இரண்டு பேரும் அலமாரியை நகர்த்த ஓடினார்கள். அடுத்த காட்சிக்கு அது அவர்கள் வேலை. டீக்காரப் பையன் இரண்டு டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். வெள்ளைக் கோட்டுக்காரர் வந்து பார்த்தார். பழக்கத்தில் பொம்மைக் குழாயை எடுத்து அவர் நெஞ்சில் வைத்தார், பிறகு அது என்ன என்று ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார். வாசலுக்கு ஓடினார். ஓடி என்ன? வாசலில் நிற்கிறதில் எஞ்சின் இல்லை. நிஜ வண்டி ஒன்று எங்கிருந்தோ வர வேண்டும். என் வீட்டுக்காரர் கை அதற்குள் ஆறிக்கொண்டிருந்தது, எனக்குத் தெரிந்தது.

ஒரு பெல் என்றால் நிறுத்து. கடைசி நிறுத்தம் வரை அவரோடு போய் வந்தவளுக்கு அது தெரியாதா? நிறுத்து என்று இருட்டில் என்னிடம்தான் சொன்னார். நான் இன்னொன்றுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடனே புரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? கத்தியிருப்பேன். என் கத்தலுக்குப் பேய் நகர்ந்திருக்கும், விளக்கு எரிந்திருக்கும், ஜனங்கள் கை தட்டியிருப்பார்கள். அவருக்காக ஒன்றும் நடந்திருக்காது.

டைரக்டர் வேகமாக வந்தார். அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. கோபத்தை அடக்கிக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டார்.

"என்னக்கா, இன்னைக்கு உங்க சத்தமே வரல? எல்லாரும் உங்களுக்காகத்தான் நின்னுக்கிட்டு இருந்தோம்."

நான் சுண்டுவிரலை வீட்டுக்காரர் கைக்குள்ளிருந்து எடுக்கவில்லை.

"ஒரு பெல்தான் வந்துச்சு தம்பி" என்றேன். "இன்னும் ஒண்ணு வரணும்."